வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இணையத்தளத்தை ஏற்றபடி மாற்றுவது எப்படி

இலங்கையின் கிழக்கில், வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோரத்துச் சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள், சேர்ஃபிங் பழக்குகிறவர்கள், மருதமுனைக் கைத்தறிக்காரர், கஜு விற்பவர்கள் என்று பலரும் வருவார்கள். வீடு கல்லடியில் என்பதால், பாலத்தால் மட்டக்களப்பு ரவுனுக்குப் போகிற வழியில் வாசலில் நின்றபடியே, "தங்கச்சி, நம்மட சைட்டை ஜேர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் மாத்தித் தர எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

விலை சொல்ல முன்னர் நான் ஒன்று கேட்பேன். ஜேர்மன் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் ஜேர்மனிலேயே மெசேஜ் போட்டால் யார் பதில் எழுதுவது? அனேகம் பேர் இதை யோசித்திருக்க மாட்டார்கள். பக்கம் முழுக்க நல்ல ஜேர்மன், பதில் மட்டும் இரண்டு நாள் கழித்து அரைகுறை ஆங்கிலத்தில் என்றால், காசு அனுப்ப வேண்டியவருக்கு முதலில் வருவது சந்தேகம்.

என்னைக் கேட்டால் மொழிமாற்றம் இந்த வேலையின் கடைசிப் பங்கு. வாங்க வந்த ஆள் எந்த இடத்தில் தடக்குப்பட்டு நிற்கிறார் என்று கண்டுபிடித்து அதை எடுத்துவிடுவதுதான் பெரிய பங்கு. படிவம், விலை, திகதி, வரும் வழி, பதில் ஆகியவை சரியாக இருந்தால் எளிய ஆங்கிலப் பக்கமே வியாபாரம் செய்யும். அவை பிழையாக இருந்தால் எத்தனை மொழி போட்டாலும் செலவுதான் மிச்சம்.

எந்த மொழி

உங்கள் வட்ஸ்அப்பில் கடந்த சீசனுக்கு வந்த மெசேஜ்களைத் திறந்து, இலக்கங்களின் முன்பகுதியை மட்டும் பாருங்கள். 49 ஜேர்மனி, 33 பிரான்ஸ், 41 சுவிட்சர்லாந்து, 972 இஸ்ரேல், 61 அவுஸ்திரேலியா, 31 நெதர்லாந்து, 7 என்றால் பெரும்பாலும் ரஷ்யா. ஒரு கொப்பியில் நாடு நாடாகக் கோடு போட்டு எண்ணுங்கள். பக்கத்தில் இன்னொரு கோடு: கேட்டவர்களில் உண்மையில் வந்து தங்கியவர்கள் அல்லது வாங்கியவர்கள். ஒரு நாட்டிலிருந்து நிறையப் பேர் கேட்டு, கொஞ்சப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் அங்கேதான் ஏதோ தடக்கு இருக்கிறது. அந்த நாட்டு மொழியில் தொடங்குங்கள். ஒரு மொழி போதும். அது ஒரு சீசன் ஒழுங்காக ஓடிய பிறகு இரண்டாவதைப் பற்றிப் பேசலாம்.

நெதர்லாந்துக்காரரும் சுவீடன்காரரும் ஆங்கிலம் தாராளமாகப் படிப்பார்கள். அவர்களுக்காகத் தனிப்பக்கம் செய்வது காசுக்குக் கேடு. ஜேர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் பேசும்போது ஆங்கிலத்தில் சமாளித்தாலும், காசு கட்டும் பக்கத்தைத் தங்கள் மொழியில் படிக்கத்தான் விரும்புகிறார்கள்.

நம்மவர்கள் மறந்துபோகும் ஒரு கூட்டம் இருக்கிறது: நம் சொந்தக்காரரின் பிள்ளைகள். சூரிச்சிலும் பேர்னிலும் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் தமிழ் கதைப்பார்கள், ஆனால் படிப்பதும் எழுதுவதும் ஜேர்மன். கலியாணத்துக்குச் சேலை தேடுவதும், தாய் தகப்பனோடு ஊருக்கு வர அறை பார்ப்பதும் இப்போது அவர்கள்தான். ஆகவே தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள், பெரியவர்கள் அதைத்தான் படிப்பார்கள். ஆனால் போனில் புக் பண்ணும் பிள்ளைக்கு ஜேர்மன் பக்கம் வேண்டும். சுவிஸ்காரரை மனதில் வைத்து எழுதுவதாக இருந்தால் மொழிபெயர்ப்பவரிடம் அதை முதலே சொல்லிவிடுங்கள். ஜேர்மனியில் இரட்டை எஸ்ஸுக்குப் பதிலாகச் சில இடங்களில் போடும் தனி எழுத்தை சுவிஸில் பாவிப்பதில்லை. விலையும் யூரோவில் அல்ல, பிராங்கில் போட வேண்டும்.

மூலத்தைத் துப்புரவாக்குவது

மொழிபெயர்க்கக் கொடுக்கும் எழுத்து அனேகமாக அச்சகத்தில் அடித்த பழைய துண்டுப்பிரசுரத்திலிருந்து வரும். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினி பார்வைக்குத்தான் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். அதை எந்த மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் ஒட்டினாலும் குப்பைதான் வரும், கூகுள் தேடலிலும் அகப்படாது. முதலில் எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றுங்கள், இலவசமாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் தாராளம். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படிக்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். படத்துக்குள் எழுதியிருக்கும் விலைப்பட்டியல், அறிவிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சாதாரண எழுத்தாக்குங்கள். படத்துக்குள் இருப்பதை ஒவ்வொரு மொழிக்கும் புதிதாக வரைய வேண்டி வரும், பிறகு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது வெட்டுவது. "சொர்க்கத்தின் மடியில் ஒரு மறக்கமுடியாத அனுபவம்" என்ற வரியை எந்த மொழியில் மாற்றினாலும் அது ஒன்றும் சொல்லாது. சொல்லுக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பவருக்குக் காசு கட்டுகிறீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அறுகம்பையில் ஒரு காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கெஸ்ட் ஹவுஸ் பக்கத்தில் இப்படி வெட்டிக்கொண்டே போனதில் மூன்றிலொரு பங்குதான் மிஞ்சியது. "என்ன தங்கச்சி, ஒண்டும் இல்லாமப் போச்சே!" என்றார். அந்த இடத்தை அவருடைய வட்ஸ்அப்பில் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளால் நிரப்பினோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? வெந்நீர் உண்டா? சேர்ஃப் பலகையை எங்கே வைப்பது? அட்டை எடுப்பீர்களா, காசு மட்டுமா? நுளம்பு வலை உண்டா? இரவு 2 மணிக்கு வந்து சேர்ந்தால் கேற் திறப்பீர்களா?

இந்தக் கேள்விகளுக்கான பதிலில் நமக்குச் சாதாரணமாகத் தெரிவதுதான் அவர்களுக்குத் தெரியாதது. பொத்துவிலுக்கு ரயில் இல்லை. கொழும்பிலிருந்து உதயதேவியில் ஏறினால் மட்டக்களப்பில் இறங்கி, அங்கிருந்து ஏ4 வீதியால் கல்முனை, அக்கரைப்பற்று தாண்டி 100 கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். வரைபடத்தில் இரண்டும் கிழக்குக் கரைதானே என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் மதுபானம் விற்க மாட்டார்கள் என்பதும் அப்படித்தான், ஒரு வரி எழுதிவிட்டால் அன்றைக்கு வாசலில் வாக்குவாதம் இல்லை.

பருவத்தை மாதப் பெயரால் எழுதுங்கள். "கோடை" என்று போட்டால் ஜேர்மன்காரருக்கு ஜூலை, அவுஸ்திரேலியருக்கு ஜனவரி. ஜனவரியில் வாடைக்காற்றும் மாரி மழையுமாகக் கிடக்கும் பாசிக்குடாவுக்கு ஒருவர் குளிக்க வந்து நிற்பது யாருக்கும் நல்லதல்ல. "அறுகம்பையில் அலை ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை", "பாசிக்குடாக் கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை அமைதி" என்று எழுதிவிட்டால் எந்த அரைக்கோளத்துக்காரரும் குழம்ப மாட்டார். வீசா விபரத்தை மட்டும் உங்கள் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள். அது அடிக்கடி மாறும். அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கு ஒரு இணைப்புப் போதும்.

படிவத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

சித்தியின் மகள் சூரிச்சில் இருக்கிறாள். எந்த சைட் முடித்தாலும், ஒரு அறை புக் பண்ணிப் பார் என்று அவளிடம் கொடுத்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காக்காவின் சைட்டில் பழைய படிவம் ஒன்று இருந்தது. வேறொருவர் செய்து கொடுத்தது. பெயர் போட்டாள். தொலைபேசி இலக்கம் போட்டாள். சிவப்புக் கோடு. நாட்டுக் குறியீடு 41 இல் தொடங்கிப் பார்த்தாள், அதற்கு முன்னால் இரண்டு சைபர் போட்டுப் பார்த்தாள், கூட்டல் குறி போட்டாள், எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. கீழே ஆங்கிலத்தில் 'செல்லாத இலக்கம்' என்று மட்டும் வந்தது. காரணம், அந்தக் கட்டம் நம் நாட்டு இலக்கத்தை நினைத்துச் செய்தது: சைபரில் தொடங்கும் 10 இலக்கம், வேறு எதையும் ஏற்காது. வெளிநாட்டவருக்கென்றே நடத்தும் கெஸ்ட் ஹவுஸில், நாட்டுக் குறியீட்டோடு இலக்கம் போடும் வெளிநாட்டவர் எவரும் அந்தப் படிவத்தை அனுப்பியிருக்க முடியாது. "எல்லாரும் புக்கிங் டொட் கொம்மாலதான் வாறாங்க, நம்மட சைட்டால ஒரு ஆளும் வாறதில்ல" என்று காக்கா சொல்லிக்கொண்டிருந்ததன் மர்மம் அதுதான்.

ஆகவே தொலைபேசிக் கட்டத்தில் கூட்டல் குறியையும், எத்தனை இலக்கமாக இருந்தாலும் அதையும் ஏற்கச் செய்யுங்கள். அஞ்சல் குறியீடும் அதே கதைதான். மட்டக்களப்புக்கு 30000 என்பதால் ஐந்து இலக்கம் கட்டாயம் என்று வைத்திருப்பார்கள். ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் ஐந்து, அவர்கள் தப்பிவிடுவார்கள். சுவிஸுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நான்கு, இஸ்ரேலுக்கு ஏழு, பிரித்தானியாவில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். அறை புக் பண்ண அஞ்சல் குறியீடே தேவையில்லை என்பது வேறு விஷயம். தேவையில்லாத கட்டத்தை எடுத்துவிடுவதுதான் மிக மலிவான திருத்தம். அடையாள அட்டை இலக்கம், மாகாணம், மாவட்டம் எல்லாம் வெளிநாட்டவர் காணும் படிவத்தில் இருக்கவே கூடாது.

படிவம் மொழிமாறியிருக்கும், ஆனால் பிழைச் செய்தியும், அனுப்பிய பிறகு வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலும் பழைய மொழியிலேயே இருக்கும். இது எல்லா இடத்திலும் நடப்பது, ஏனென்றால் அவை பக்கத்தின் எழுத்தில் இல்லை, சைட்டோடு சேர்த்துப் பாவிக்கும் சிறு மென்பொருளான செருகுநிரலின் உள்ளே ஒளிந்திருக்கின்றன. வேண்டுமென்றே பிழையாக நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் வெறுமையாக விட்டு அனுப்பிப் பாருங்கள். அப்போதுதான் எல்லாச் செய்தியும் வெளியே வரும்.

வட்ஸ்அப் பட்டனுக்கும் ஒரு சொல். அந்த இணைப்பில் இலக்கம் 94 இல் தொடங்க வேண்டும், முன்னால் சைபரும் வரக்கூடாது, கூட்டல் குறியும் வரக்கூடாது. அழுத்தியவுடன் தானாக ஒரு வரி எழுதப்பட்டு வரும்படியும் செய்யலாம். ஜேர்மன் பக்கத்தில் அந்த வரியை ஜேர்மனில் வைத்து, கடைசியில் ஆங்கிலத்தில் "ஜேர்மன் பக்கத்திலிருந்து" என்று சேர்த்துவிடுங்கள். காசாளர் மேசையில் இருக்கும் தம்பிக்கு எந்தப் பதிலை எடுத்து அனுப்ப வேண்டும் என்று அதைப் பார்த்தே விளங்கிவிடும்.

விலை, திகதி, அளவு

12,500 ரூபா என்று எழுதினால் ஜேர்மன்காரரின் கண்ணுக்கு அது பன்னிரண்டரை. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ஜேர்மன் பக்கத்தில் 12.500 என்றும், பிரெஞ்சுப் பக்கத்தில் நடுவில் சின்ன இடைவெளி விட்டு 12 500 என்றும், சுவிஸுக்கு மேற்கோள் குறி வைத்து 12'500 என்றும் எழுத வேண்டும். திகதியில் 05/07 என்று ஒருபோதும் போடாதீர்கள். அமெரிக்கருக்கு அது மே 7, மற்றவர்களுக்கு ஜூலை 5. மாதத்தை எழுத்தில் போட்டால் கதை முடிந்தது. நாட்காட்டிக் கட்டத்தில் கிழமை எந்த நாளில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். ஐரோப்பியருக்குத் திங்கள், இஸ்ரேலியருக்கும் அமெரிக்கருக்கும் ஞாயிறு. முதல் நிரலைப் பார்க்காமல் பழக்கத்தில் அழுத்திவிட்டு ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வந்து நிற்பார்கள்.

யூரோவில் விலை போடலாமா? போடலாம், ஆனால் எந்த நாணயத்தில் அறவிடுவீர்களோ அதைப் பெரிதாகவும், மற்றதை "ஏறத்தாழ" என்று சிறிதாகவும் போடுங்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ஐத் தாண்டிப் போனது. அந்த நேரம் பக்கத்தில் கையால் அடித்து வைத்திருந்த மாற்று விலைகள் எல்லாம் பொய்யாகிப் போயின.

முன்பதிவை இரத்துச் செய்யும் விதியில்தான் சண்டை வரும். "ஏழு நாளுக்கு முன்வரை இலவசம்" என்பதை எந்த மொழியில் எழுதினாலும் இரண்டு விதமாகப் படிக்கலாம். உதாரணத்தோடு எழுதுங்கள்: ஓகஸ்ட் 10 வருவதானால் ஓகஸ்ட் 3 இலங்கை நேரம் மாலை 6 மணிவரை. இலங்கை நேரம் என்ற சொல் முக்கியம். கோடையில் ஜேர்மனி நம்மை விட மூன்றரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை.

அளவுகளை மாற்றும்போது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மீற்றருக்கு மாற்றக்கூடாது. தூரம், வெப்பநிலை, அறையின் பரப்பு எல்லாம் மீற்றர், செல்சியஸ், சதுரமீற்றர். ஆனால் சேர்ஃப் பலகையின் நீளத்தை ஜேர்மன்காரரும் அடி, அங்குலத்தில்தான் சொல்வார்கள், கொள்ளளவை லீற்றரில். வாடகைப் பலகைப் பட்டியலைச் சென்ரிமீற்றரில் போட்டால், இவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது என்றுதான் நினைப்பார்கள். மெயின் பொயின்ற், விஸ்கி பொயின்ற், பீனட் ஃபார்ம் என்ற இடப்பெயர்களையும் அப்படியே விட வேண்டும். சேர்ஃப் பண்ண வருகிறவர் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுவார்.

கைத்தறிக்காரருக்கு அளவு என்பது இன்னும் பெரிய விஷயம். மருதமுனையில் ஒருவர் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்தார். அங்குல அளவைச் சென்ரிமீற்றராக்கித் தந்தால் போதும் என்பது அவர் நினைப்பு. ஜேர்மனியில் வழக்கமான தலையணை 80 க்கு 80 சென்ரிமீற்றர் சதுரம். அது நம் உறைக்குள் எப்படிப் போகும்? இதில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, தறியில் அகலத்தை மாற்ற வேண்டும். சாறத்துக்கும் சேலைக்கும் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் சேலைக்கு "ஐந்தரை மீற்றர்" என்பதோடு சட்டைத்துணி சேர்ந்ததா இல்லையா என்று எழுத வேண்டும். சேலை கட்டத் தெரியாதவர்களும் வாங்குகிறார்கள். எந்த நூல், எத்தனை வீதம் என்பதையும் வாங்குகிறவரின் மொழியில் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் துணிக்கு 2011 ஆம் ஆண்டின் 1007 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதைக் கேட்கிறது. கஜு விற்பவர்களும் சாப்பாடு கொடுப்பவர்களும் ஒவ்வாமை விபரத்தை மறக்கக்கூடாது. ஐரோப்பாவில் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடுவது சட்டம் என்பதால், மெனுவில் அதைத் தேடிப் பழகியவர்கள் அவர்கள். கஜு, மீன், இறால், முட்டை, பால் எது எதில் இருக்கிறது என்று போடுங்கள். பிட்டையும் சொதியையும் பெயர் மாற்ற வேண்டாம், பக்கத்தில் என்ன சேர்ந்தது என்று ஒரு வரி போதும்.

இனி மொழிபெயர்ப்பு

இயந்திரத்தைப் பாவிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆங்கிலத்திலிருந்து ஜேர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் முதல் வரைவுக்கு இயந்திரம் நன்றாகவே வரும், நானும் பாவிக்கிறேன். ஆனால் விலை, இரத்துச் செய்யும் விதி, பாதுகாப்பு, ஒவ்வாமை ஆகிய நான்கையும் அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் வரிக்கு வரி பார்க்காமல் ஏற்றக்கூடாது. கடலில் எந்தப் பக்கம் இழுப்பு இருக்கிறது என்ற எச்சரிக்கை பிழைத்துப் போனால் அது எழுத்துப்பிழை இல்லை.

மொழிபெயர்ப்பவரிடம் வெறும் சொற்பட்டியலைக் கொடுத்தால் பிழைதான் வரும், அதுவும் ஒற்றைச் சொல் பட்டன்களில். ஒவ்வொரு வரியும் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று திரையைப் படமெடுத்துக் கூடவே அனுப்புங்கள். வேலை தொடங்கும் முன்னரே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: அறை வகைகள், ஊர்ப்பெயர்கள், மாற்றக்கூடாத பெயர்கள், எப்போதும் ஒரே மாதிரி வர வேண்டிய சொற்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கூகுள் வரைபடத்தில் இருப்பதுபோலவே எல்லா மொழியிலும் வையுங்கள். பக்கங்கள் கூடிவிட்டால் ஒமேகா-ரி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முன்னர் மொழிபெயர்த்த வரியை நினைவில் வைத்துத் திரும்ப எடுத்துத் தரும், அடுத்த வருடச் செலவு குறையும்.

மரியாதை விஷயத்தையும் முதலே தீர்மானியுங்கள். ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் நம் நீ, நீங்கள் போல இரண்டு உண்டு. சேர்ஃபிங் பழக்குகிற இடத்தில் நீ என்பதுதான் வழக்கம், மரியாதைப் பன்மை அங்கே விறைப்பாகக் கேட்கும். பாசிக்குடா ஹோட்டலில் நீ என்று போட்டால் ஐம்பது வயதுத் தம்பதிக்கு முகம் சுழியும். எதுவானாலும் பக்கம் முழுக்க ஒன்றே இருக்கட்டும். இயந்திர வரைவில் இரண்டும் கலந்துதான் வரும்.

சரிபார்க்கக் கொடுக்கும்போது "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள். ஓம் சரி என்றுதான் பதில் வரும். வேலை கொடுங்கள்: ஜூலையில் இரண்டு பேருக்கு மூன்று இரவு புக் பண்ணு, மொத்தம் எவ்வளவு என்று சொல்லு, கொழும்பிலிருந்து எப்படி வருவாய் என்று சொல்லு, வராமல் விட்டால் எவ்வளவு போகும் என்று சொல்லு. பதில் பிழைத்த இடத்தில் எழுத்தும் பிழை.

பக்கத்தின் எலும்பு

ஜேர்மன் வரிகள் ஆங்கிலத்தை விட மூன்றிலொரு பங்கு வரைக்கும் நீளும், தமிழும் லேசுப்பட்டதில்லை. பட்டனுக்கு அகலத்தைக் கணக்காக வெட்டி வைத்திருந்தால் எழுத்து வெளியே வழியும். மொழிபெயர்ப்பு வருமுன் ஆங்கில வரிகளையே நீட்டிப் போட்டுப் பார்த்தால் எங்கே உடைகிறது என்று தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ குடும்பம் போதும், தமிழும் ஹீப்ருவும் சிங்களமும் அதில் இருக்கின்றன.

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். ஒரே முகவரியில் பட்டனை அழுத்தி எழுத்தை மாற்றிக் காட்டினால் கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும். உங்கள் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் மொழிக் குறியீடும் சேர்த்துப் பிரித்துக்கொள்வதே சிறு வியாபாரத்துக்குச் சுகம். சைட் வேர்ட்பிரஸில் செய்தது என்றால் பொலிலாங் என்ற செருகுநிரலின் இலவசப் பதிப்பே இதைச் செய்யும். எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று தேடுபொறிக்குச் சொல்ல எச்ரெஃப்லாங் என்ற குறிப்பு 2011 முதல் இருக்கிறது. ஜேர்மன் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினால் ஆங்கிலப் பக்கமும் திருப்பி ஜேர்மனைக் காட்ட வேண்டும், ஒருபக்கமாகக் காட்டினால் கூகுள் எடுக்காது. குறியீட்டில் மொழி முதலில், நாடு பிறகு. பிரித்தானிய ஆங்கிலத்துக்கு நாட்டுக் குறியீடு ஜி பி. பழக்கத்தில் யு கே என்று போடுகிறவர்கள் அதிகம், மொழிகளின் பட்டியலில் யு கே என்பது உக்ரேன் மொழி.

வருகிறவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மொழியை மாற்றிவிடும் வசதியை நான் போடுவதில்லை. அறுகம்பையில் உட்கார்ந்து போனில் பார்க்கும் ஜேர்மன்காரருக்கு அது தமிழைக் காட்டும். கூகுளின் இயந்திரமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதால் மற்ற மொழிகளைக் காணாமலே போய்விடும். மேலே ஒரு மூலையில் மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போடுங்கள், ஆள் தானாகத் தெரிவுசெய்வார். கொடி வேண்டாம். சுவிஸ் கொடியை அழுத்தினால் எது வரும், நான்கு உத்தியோக மொழிகள் இருக்கின்றனவே.

ஹீப்ருவும் அரபும் வலமிருந்து இடம். பக்கத்தின் திசையை மாற்றும் ஒரு கட்டளையால் மெனு, படங்கள் எல்லாம் பக்கம் மாறிவிடும், ஆனால் தொலைபேசி இலக்கம் மாட்டிக்கொள்ளும். இடைவெளி விட்டு எழுதிய இலக்கத்தின் துண்டுகள் பின்முன்னாக அடுக்கப்படும், கூட்டல் குறி மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். 94 கடைசியில் நிற்கும் அந்த இலக்கத்தை யார் அழைப்பது? இலக்கத்தை மட்டும் இடமிருந்து வலம் என்று தனியாகச் சுற்றி வைத்தால் சரியாகும். கணினியில் பார்த்தது போதாது, போனிலும் பாருங்கள்.

சட்டம், சுருக்கமாக

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஜிடிபிஆர் என்பார்கள், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. கடை கல்முனையில் இருந்தாலும், ஐரோப்பாவில் இருப்பவருக்கு விற்க முனைகிறீர்கள் என்றால் அது உங்களையும் தொடும். அந்த முனைப்பைக் காட்டும் அடையாளங்களாக அவர்களின் மொழியையும் நாணயத்தையும் வைத்து ஓடர் எடுப்பதை அதன் முகப்புரையின் 23 ஆம் பந்தியே சொல்கிறது. அதாவது ஜேர்மன் பக்கம் திறந்து யூரோ விலை போடும் அன்றைக்கு இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சின்னக் கடைக்கு என் யோசனை: தேவையானதை மட்டும் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் மொழியில் எழுதுங்கள், கடவுச்சீட்டுப் படத்தை வட்ஸ்அப்பில் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். வந்து பதியும்போது பார்த்தால் போதும். பெரிய அளவில் ஏற்றுமதி என்றால் சட்டத்தரணியிடம் போங்கள், என்னிடம் இல்லை.

திறந்த பிறகு

வட்ஸ்அப் பிஸ்னஸில் விரைவுப் பதில்களைச் சேமித்து வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு அந்த மொழியில் சரிபார்த்த பதிலை முதலே எழுதி வையுங்கள். கடைசி வரியாக, "மேற்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவோமா?" என்றும் வையுங்கள். உங்களால் எது முடியும் என்பதை முதலே சொல்லிவிட்டால் அவர்களும் தயங்காமல் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார்கள்.

விலையை ஒவ்வொரு மொழிப் பக்கத்திலும் தனித்தனியாக அடித்து வைக்காதீர்கள். ஒரே இடத்தில் வைத்து எல்லாப் பக்கமும் அங்கிருந்து எடுக்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் புது விலை, பிரெஞ்சுப் பக்கத்தில் பழைய விலை என்றால் பிரெஞ்சுக்காரர் போனைத் தூக்கிக் காட்டுவார், நீங்கள் பழைய விலைக்குத்தான் கொடுக்க வேண்டி வரும். கரையோரத்தில் மாரி காலத்தில் ஆள் குறைவு, அந்த நேரம் எல்லா மொழிப் பக்கங்களையும் திறந்து படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். சித்திரை வருஷத்துக்கு முன் முடித்துவிட வேண்டும், அதன் பிறகு அறுகம்பையில் யாரையும் பிடிக்க முடியாது.

ஒரு மொழியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனால், அந்தப் பக்கத்தை அப்படியே கிடக்க விடாமல் எடுத்துவிட்டு, அந்த முகவரிக்கு வருகிறவர் ஆங்கிலப் பக்கத்துக்குப் போகும்படி திருப்பிவிடுங்கள். எச்ரெஃப்லாங் குறிப்பிலிருந்தும் அந்த மொழியை எடுத்துவிட வேண்டும். மொழிபெயர்த்த எழுத்தை மட்டும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள், ஆள் கிடைத்ததும் விலையையும் திகதியையும் திருத்தித் திரும்ப ஏற்றலாம்.